பச்சையம்மாவின் இடது கை விரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். மரக்காணம் பக்கத்தில் அங்கன்வாடியில் இருபத்தெட்டு வருஷம் உதவியாளராக இருந்தேன். அங்கே நான் எழுதியதெல்லாம் பிள்ளைகளின் பேரும் எடையும்தான். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னால் நடந்தது பின்னாலும், பின்னால் நடந்தது முன்னாலும் வரும். கேட்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதச் சொன்னது ரேவதி டீச்சர். நான் ஓய்வு பெற்ற அங்கன்வாடியில் இப்போது அவர்தான் டீச்சர். எங்கள் தெருக்களுக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலரும் அவரே. வாக்காளர் பட்டியல் திருத்தம் நடப்பதால் படிவங்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைகிறார்.

"ஆயாம்மா, நீங்க எத்தனை எலெக்‌ஷன் பார்த்திருக்கீங்க. புதுசா டியூட்டிக்குப் போற பொண்ணுங்க பயப்படுதுங்க. நாலு விஷயம் எழுதிக் குடுங்க, மீட்டிங்ல படிக்கிறேன்" என்றார்.

"நான் பேசவே மாட்டேன், எழுதவா போறேன்?"

"பேச மாட்டீங்கன்னுதானே எழுதச் சொல்றேன்."

சரி என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததிலிருந்து மற்றது எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஒரே ஒரு விரல்தான் கண் முன்னால் நிற்கிறது. உப்பளத்து வேலைக்குப் போகிற பச்சையம்மாவின் இடது கை ஆள்காட்டி விரல். வரைவுப் பட்டியலில் அவள் பேர் இல்லை. பேர் சேர்க்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அவள் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். அதற்குக் காரணம் நான். இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்துபோய் அவள் தெருவில் போகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

தேர்தல் கமிஷன் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேர்தல் அறிவித்த மறுநாள் எங்கள் சூப்பர்வைசர் அம்மா வந்தார். சுவரில் இருக்கும் தலைவர் படம், எடை மிஷினில் ஒட்டியிருக்கும் படம், எல்லாவற்றையும் பேப்பர் ஒட்டி மறைக்கச் சொன்னார். நான் கஞ்சிப் பசை காய்ச்சி ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்சியில் ஊரிலேயே பெரிய ஆள் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, யாரு மூஞ்சி மேல பேப்பர் ஒட்டுற? நாளைக்கு உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

நான் கையை எடுத்துவிட்டேன், ஒட்டிய பேப்பர் பாதியில் தொங்கியது. உள்ளேயிருந்து சூப்பர்வைசர் அம்மா வந்தார். "அவங்க ஒட்டலீங்க. கமிஷன் ஒட்டுது. கேள்வி இருந்தா அங்க கேளுங்க" என்றார். அந்தப் பெரிய ஆள் சுற்றுமுற்றும் பார்த்தார், கமிஷன் எங்கேயாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறதா என்று. பிறகு போய்விட்டார்.

அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்கக் கூச்சப்படுகிறவள் நான். தேர்தல் வந்தால் மட்டும் எனக்கு ஒரு தைரியம் வரும். அந்த நாட்களில் கலெக்டரிலிருந்து பாய் விரிக்கிற நான் வரைக்கும் எல்லோரும் கமிஷன் சொல்படிதான் நடக்க வேண்டும். ரோடு போட ஜல்லி கொட்டியிருந்தாலும் புது வேலை தொடங்கக் கூடாது. ஒருதலையாக நடக்கிற அதிகாரியை ஒரே காகிதத்தில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். ஒரு பூத்தில் தப்பு நடந்தால் அந்த ஒரு பூத்துக்கு மட்டும் மறுபடி ஓட்டு வைப்பார்கள். எது சொன்னாலும் நான் சொல்வதில்லை, கமிஷன் சொல்கிறது. முகத்தைக் காட்டாமல் பேசுகிற மாதிரி இருந்தது அது.

எனக்குக் கொடுத்த வேலையும் முகம் பார்க்கிற வேலைதான். எங்கள் பக்கம் முஸ்லிம் பெண்கள் பலர் முகத்தை மூடி வருவார்கள். அவர்களைப் படத்தோடு ஒத்துப்பார்க்க ஒரு பெண் வேண்டும். ஆண்கள் கண்ணில் படாமல் ஒரு மறைப்பு வேண்டும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் உள்ளூரிலேயே ஒரு பெண்ணை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. பூத் எங்கள் அங்கன்வாடிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. அதனால் ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டார்கள். பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு பெட்ஷீட், ஒரு நாற்காலி, அரை மணி நேரப் பேச்சு.

பெட்ஷீட்டுக்குப் பின்னால் சிரிப்புக்குக் குறைவிருக்காது. "தெனம் கடையில பார்க்கிற மூஞ்சிதானே ஹலீமா, இன்னிக்கு என்ன புதுசா உத்து உத்துப் பார்க்குற?" என்பாள் ஒருத்தி என்னிடம். இன்னொருத்தி பட்டியலில் இருக்கும் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "யா அல்லா, இது நானில்ல, என் மாமியா. அவங்களையே கூப்பிட்டு ஓட்டுப் போடச் சொல்லு" என்பாள்.

நான் சொல்ல வந்த தேர்தலில் ஒரு வேலை கூடியது. விரல் பார்த்து மை வைக்கிறவர் வயசுப் பையன், பெண்கள் கையைப் பிடிக்கக் கூச்சப்பட்டார். அதனால் பெண்கள் எல்லோருடைய இடது கை ஆள்காட்டி விரலையும் முதலில் நான் பார்த்துச் சொல்ல வேண்டும், அப்புறம் அவர் மை வைப்பார் என்று தலைமை அலுவலர் ஏற்பாடு செய்தார்.

அந்தத் தலைமை அலுவலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நில அளவை ஆபீஸிலிருந்து வந்தவர். ஒல்லியான ஆள், சத்தமே வராது. முதல் நாள் மத்தியானம் வந்ததும் ஓட்டுப் போடும் மறைப்பை வைத்துவிட்டு, ஒவ்வொரு ஏஜெண்ட் நாற்காலியிலும் தானே உட்கார்ந்து பார்த்தார், பட்டன் அமுக்கும் கை தெரிகிறதா என்று. ஒரு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஜன்னலை மூடி அதன் மேல் அட்டையைக் கட்டினார். பேனாக்களை நூலால் மேஜையில் கட்டினார். காலையில் வெளிச்சம் வருவதற்குள் ஏஜெண்டுகள் முன்னால் மிஷினில் ஐம்பது ஓட்டு போட்டுக் காட்டி, எண்ணிக் காட்டி, அழித்துக் காட்டி, சீல் வைத்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்.

என்னிடம் அவர் சொன்னது இரண்டு. "ஏஜெண்டுங்க டீ வாங்கிக் குடுத்தா வேணாம்னு சொல்லுங்கம்மா. தண்ணி நம்ம குடத்துலேருந்து." இரண்டாவது, "விரலைப் பாருங்க. மை இருந்தா இருக்குதுன்னு சொல்லுங்க, இல்லாட்டி இல்லைன்னு சொல்லுங்க. வேற எதுவும் சொல்ல வேணாம்." இதைவிட எனக்குப் பிடித்த உத்தரவு எது? இரண்டே வார்த்தைதான் பேச வேண்டும்.

பத்து மணி இருக்கும், குடத்தில் தண்ணீர் தீர்ந்தது. ரோட்டோரக் குழாய்க்குப் போனேன். பாண்டியிலிருந்து வந்த பஸ் நின்றது. கையில் ஒரு துணிப் பையோடு பச்சையம்மா இறங்கி, என்னைப் பார்க்காமல் வேகமாக வீட்டுப் பக்கம் போனாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நான் வைத்துக்கொள்ளவில்லை.

பச்சையம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் இரண்டு பிள்ளைகளும் என் பாயில் படுத்துத் தூங்கியவர்கள். உப்பளத்தில் வேலை இருந்தால் அங்கே போவாள். வேலை குறைந்தால் பாண்டிப் பக்கம் காலாப்பட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் முந்திரிக்கொட்டை உடைப்பாள். அப்படிப் போயிருந்த நேரத்தில் வீடு பூட்டியிருந்ததால், முன்பு ஒரு தடவை பட்டியலில் பேர் போய்விட்டது. திரும்பச் சேர்க்க நடையாய் நடந்தாள். ஓட்டு இல்லாவிட்டால் ரேஷன் கார்டையும் எடுத்துவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். அதெல்லாம் இல்லை என்று சொன்னாலும் கேட்க மாட்டாள். பேர் திரும்ப வந்த பிறகு அவள் போட வந்த முதல் ஓட்டு அது.

பன்னிரண்டு மணிக்கு வந்தாள். தலை குளித்து, நல்ல புடவை கட்டி, கையில் சிலிப்போடு. "ஆயாம்மா" என்று சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினாள். காலையிலிருந்து எத்தனையோ விரல் பார்த்த கண். நகத்தின் ஓரமாகக் கறுப்பாக ஒரு கோடு. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மை இருக்குது சார்."

சொன்ன பிறகுதான் விரலைச் சரியாகப் பார்த்தேன். அது முந்திரிக் கறையாகவும் இருக்கலாம். கொட்டையின் தோலில் வடிகிற பால் பட்டால் விரல் கறுத்துவிடும், தோலும் உரியும். இடது கையில்தான் கொட்டையைப் பிடிப்பார்கள். ஆனால் மற்ற விரல்கள் சுத்தமாக இருந்தன. விரல் முழுக்க எண்ணெய் மினுங்கியது.

கட்சி ஏஜெண்ட் ஏழுமலை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "சார், அவங்களே சொல்லிட்டாங்க. கை பூரா எண்ணெ, பாருங்க. இதுக்கு அம்மா வீடு காலாப்பட்டு. அங்கயும் இன்னிக்குத்தான் எலெக்‌ஷன். காலையில அங்க ஒண்ணு குத்திட்டு, தேய்ச்சுக் கழுவிட்டு, இங்க வந்து நிக்குது."

"இன்னாயா பேசுற?" என்றாள் பச்சையம்மா. "நான் இன்னா திருடியா? கொட்டை ஒடச்ச கைய்யா இது. ஓட்டுப் போடப் போறமே, கறுப்புக் கையோட போவக் கூடாதேன்னு சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ச்சுட்டு வந்தேன். தோலு எரிஞ்சுது, எண்ணெ தடவுனேன். தப்பா?"

தப்பில்லை. ஆனால் விதி அப்படியே அவளுக்கு எதிராக இருந்தது. விரலில் ஏற்கெனவே மை இருந்தால் ஓட்டுப் போட விடக் கூடாது. மை பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருந்தால் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு வந்ததே அவளுக்கு வினையாகிவிட்டது.

"நான் சேலஞ்ச் பண்றேன் சார்" என்றார் ஏழுமலை.

தலைமை அலுவலர் கண்ணாடியைத் துடைத்தார். "ஆளு யாருன்னு சந்தேகம்னா ரெண்டு ரூபா கட்டிட்டு சேலஞ்ச் பண்ணலாம். இது பச்சையம்மாதானே?"

"பச்சையம்மாதான் சார். எதுத்த தெருதான். விரல்தான்..."

"அப்ப ரெண்டு ரூபாய உள்ள வைங்க. விரலைப் பத்திப் பேசுவோம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பச்சையம்மா சிரிக்கவில்லை. அலுவலர் வெளிச்சம் வரும் இன்னொரு ஜன்னல் பக்கம் அவளைக் கூப்பிட்டார். எண்ணெயைத் துடைக்கச் சொன்னார், துடைத்தேன். பிறகு ஏழுமலையைப் பார்த்து, "நீங்க காலையிலயே போட்டுட்டீங்களே, உங்க விரலைக் கொண்டாங்க" என்றார். இரண்டு விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏழுமலை விரலில் மை நகத்திலிருந்து தோலுக்கு ஒரே கோடாக இறங்கியிருந்தது. இவள் விரலில் கறை நகத்து ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தது. தோல் உரிந்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்ததால் மீதி எப்படி இருந்தது என்று தெரியவில்லை. மண்டல அலுவலருக்குப் போன் போட்டார். கேட்டுவிட்டு வைத்தார். "முடிவு உங்களதுங்கறார்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த அறைக்குள் அன்றைக்கு அவர்தான் கமிஷன்.

பிறகு என் பக்கம் திரும்பினார். அதே சத்தமில்லாத குரல்.

"அம்மா, மை இருக்குதுன்னு சொன்னீங்க. இப்ப உங்க மூஞ்சி வேற என்னமோ சொல்லுது. எதை எழுதிக்கட்டும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்கு ஏஜெண்டுகள், வரிசையில் நின்ற பெண்கள், பச்சையம்மா. கமிஷன் சொல்கிறது என்று அப்போது சொல்ல முடியாது. கேட்பதே கமிஷன்.

"முந்திரிக் கறை சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா."

"முந்திரிக் கறை சார். அவசரத்துல தப்பா சொல்லிட்டேன்."

"விரலைப் பார்த்துச் சொல்றீங்களா, ஆளைப் பார்த்துச் சொல்றீங்களா?"

இந்தக் கேள்வியை எத்தனை வருஷமாகச் சுமக்கிறேன். பத்து மணி பஸ் அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. பாண்டிப் பக்கத்திலிருந்து வந்த பஸ். ஏழுமலை சொல்வது போலவே நடந்திருந்தாலும் அந்த பஸ்தான். அவள் சொல்வது போல நடந்திருந்தாலும் அந்த பஸ்தான். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும்போது ஒரு நாளும் பொய் சொல்லாதவள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"விரலைப் பார்த்துத்தான் சார்" என்றேன். பஸ்ஸைச் சொல்லவில்லை.

அவர் பேனாவை எடுத்தார். நான் சொன்னதை டைரியில் எழுதி, கையெழுத்து வாங்கினார். ஏழுமலை எழுதிக் கொடுத்த புகாரையும் வாங்கி அதோடு வைத்தார். "விடுங்க, போடட்டும்" என்றார். பையன் மை வைத்தார். தோல் உரிந்த இடத்தில் மை பட்டதும் பச்சையம்மா "ஸ்ஸ்" என்றாள். உள்ளே போனாள். மிஷின் சத்தம் கேட்டது. வெளியே வந்து யாரையும் பார்க்காமல் நடந்துபோனாள். பழைய கறை மேலேயே புது மை. இனிமேல் யார் பார்த்தாலும் எது எது என்று பிரிக்க முடியாது.

இதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. கையெழுத்துப் போட்டவள் நான். ராத்திரி படுத்தால் பஸ் வந்து நிற்கும். பத்து நாள் கழித்து ரேஷன் கடை வரிசையில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். வாழ்க்கையில் நானாகப் போய் ஒருவரைக் கேள்வி கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"பச்சையம்மா, கோவிச்சுக்காத. அன்னிக்கு அங்கயும்..."

முடிக்கவில்லை. அவள் முகம் மாறியது.

"நீயுமா ஆயாம்மா?"

"இல்லடி, நான் பஸ்ஸுல நீ எறங்கினதப் பார்த்தேன், அதான்..."

"மூணு நாளா அம்மா வீட்ல கொட்டை ஒடச்சேன். இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போன்னாங்க. ஓட்டு இருக்குதுன்னு சொல்லிட்டு பஸ் ஏறினேன். அத்தனை பேரு முன்னால நீ எனக்காகப் பேசினன்னு என் புள்ளைங்க கிட்ட சொல்லிக்கினு இருந்தேன். நீ நம்பிப் பேசல, பாவம் பார்த்துப் பேசியிருக்குற."

பையை எடுத்துக்கொண்டு வரிசையை விட்டே போய்விட்டாள். அவள் சொன்னதை நான் நம்புகிறேன். அன்றைக்கே நம்பியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன். அதுதான் அவள் சொன்னது.

அதற்குப் பிறகு வந்த தேர்தல்களில் அவளை நான் பூத்தில் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சாயந்திரம் வரைக்கும் பெண்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இப்போது ரேவதி டீச்சர் படிவத்தை மூன்று தடவை அவள் வீட்டில் கொடுத்தார். அவள் அதைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவேயில்லை. அதனால்தான் வரைவில் பேர் இல்லை, டீச்சர் தப்பு இல்லை. போன வாரம் டீச்சர் கேட்டதற்கு, "எதுக்கு? மறுபடியும் என் வெரலப் பார்க்கவா?" என்றாளாம். டீச்சருக்கு அது புரியவில்லை. என்னிடம் வந்து சொன்னார். எனக்குப் புரிந்தது. நான் டீ போடப் போய்விட்டேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

புதிதாக டியூட்டிக்குப் போகும் பெண்களுக்கு: விரலை இரண்டு தடவை பாருங்கள், பிறகு வாயைத் திறங்கள். கட்டைவிரலையும் பாருங்கள், கொட்டையைப் பிடிக்கிற விரல் அதுவும்தான். உப்பளத்துப் பெண்கள், முந்திரி உடைக்கிற பெண்கள் கையில் எண்ணெய் இருந்தால், முதலில் கை எரிகிறதா என்று கேளுங்கள். தலைமை அலுவலர் எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று கேட்டால், எதைப் பார்த்தீர்களோ அதையெல்லாம் சொல்லிவிடுங்கள். நான் பஸ்ஸைச் சொல்லியிருந்தால் அவர் அவளையே கேட்டிருப்பார். அவள் அத்தனை பேர் முன்னால் பதில் சொல்லியிருப்பாள். பத்து நாள் கழித்து ரேஷன் கடையில் நான் கேட்க வேண்டியிருந்திருக்காது.

ரேவதி டீச்சர், இதில் விதி ஏதாவது மாறிப்போயிருந்தால் திருத்திவிடுங்கள். முந்தின தேர்தலில் நடந்ததைக்கூடக் கலந்து எழுதியிருப்பேன். அது போனால் போகட்டும். இன்னொன்றைத்தான் சரிபார்க்க வேண்டும். புதுப் படிவம் ஒன்று எடுத்துக்கொண்டு நாளைக்கு வாருங்கள், நானும் கூட வருகிறேன். பேசுவதை நானே பேசிக்கொள்கிறேன். அவள் வீட்டுக்காரர் பேர் முருகேசனா முருகவேலா என்று எனக்குச் சந்தேகம். கதவு எண்ணும் பழையதா புதியதா தெரியவில்லை. பழைய பட்டியலையும் ரேஷன் கார்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். அதில் ஒன்று பிசகினால், மறுபடியும் யாராவது அவள் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார்கள்.